சமயபுரத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க? நாட்டின் வளர்ச்சிக் கணக்குக்கு தனியார் தரவு ஏன் தேவை?

மாசி மாதப் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சமயபுரம் மாரியம்மன் கோயிலைச் சுற்றி கால் வைக்க இடமிருக்காது. சித்திரைத் தேர், ஆடி வெள்ளி, அமாவாசை என்று ஆண்டு முழுக்க இதே கதைதான். மறுநாள் செய்தியில் 'லட்சக்கணக்கான பக்தர்கள் குவிந்தனர்' என்று வரும். ஒரு லட்சமா, மூணு லட்சமா, அஞ்சு லட்சமா? கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

அதற்காகக் கணக்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அன்று எத்தனை போன்கள் அந்தப் பகுதி டவரில் பேசின என்பது செல்போன் நிறுவனங்களுக்குத் தெரியும். எத்தனை கார், வேன், பஸ் கடந்தன என்பது திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் உள்ள சமயபுரம் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவில் இருக்கும். பூக்கடையிலும் தேங்காய்க்கடையிலும் ஸ்கேன் செய்து கொடுத்த பணம் பேமென்ட் நிறுவனங்களின் கணினியில் இருக்கும். லாட்ஜ்காரரின் நோட்டில் எத்தனை ரூம் போனது என்று இருக்கும்.

கணக்கு இருக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கு. ஊருக்கு எத்தனை கழிப்பறை, எவ்வளவு குடிநீர், எத்தனை குப்பை வண்டி வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டிய அரசிடம் அது முழுசாக வந்து சேர்வதில்லை.

சமயபுரத்துக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. 2030-க்குள் வறுமை, நோய், குடிநீர், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் எவ்வளவு முன்னேறினோம் என்று இந்தியா போடும் கணக்கிலும் இதே ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க முடியுமா? ஒரு நோயின் விஷயத்தில் இந்தியா அதைக் கணிசமாகச் செய்து காட்டியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் இந்தக் கணக்கு என்னவென்று பார்க்கலாம்.

எதைப் பற்றிய கணக்கு இது?

2015 செப்டம்பரில் ஐ.நா. சபையின் 193 உறுப்பு நாடுகளும் சேர்ந்து 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. வறுமை ஒழிப்பு, பசியின்மை, நல்ல உடல்நலம், தரமான கல்வி, சுத்தமான குடிநீர், கண்ணியமான வேலை என்று போகும் பட்டியல் அது. அதன் கீழ் 169 துணை இலக்குகள். முன்னேற்றத்தை அளக்க 230-க்கும் மேற்பட்ட அளவுகோல்கள். கெடு 2030.

இந்தியாவில் இதற்கென மத்திய புள்ளியியல் அமைச்சகம் 280-க்கும் மேற்பட்ட அளவுகோல்கள் கொண்ட தேசியப் பட்டியலை வைத்திருக்கிறது. மாநிலங்களுக்கு மார்க் போடுவது நிதி ஆயோக். அதன் முதல் மதிப்பெண் பட்டியல் 2018 டிசம்பரில் வந்தது. அப்போது இந்தியாவின் மதிப்பெண் 100-க்கு 57. 2024 ஜூலையில் வெளியான நான்காவது பட்டியலில் அது 71. கேரளாவும் உத்தராகண்டும் 79 எடுத்து முதலிடம். தமிழ்நாடு 78 எடுத்து அடுத்த இடம்.

கணக்கில் ஓட்டை எங்கே?

இந்த மதிப்பெண்களுக்கான தரவு பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பு. இன்னொன்று, அரசுத் துறைகளின் பதிவேடு.

கணக்கெடுப்பு நம்பகமானது. ஆனால் மெதுவானது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதற்கு முந்தைய சுற்று 2015-16. நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வழி குறைவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011-க்குப் பிறகு புதிய சுற்று முடிவுகள் வராமலேயே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

அரசுப் பதிவேடு வேகமானது. ஆனால் அரசு அலுவலகத்துக்கு வந்தவரைத்தான் அதற்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் தனியார் க்ளினிக், பிள்ளைக்குத் தனியார் பள்ளி, போக்குவரத்துக்குத் தனியார் பஸ் என்று வாழ்க்கை ஓடும் நாட்டில், அரசுப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும்.

சுற்றுலாவையே எடுத்துக்கொள்வோம். 'வேலை, பொருளாதார வளர்ச்சி' என்ற எட்டாவது இலக்கில் சுற்றுலாவும் ஒரு பகுதி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி தமிழ்நாட்டுக்கு 2019-ல் 49 கோடிக்கும் மேல் உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள். கொரோனாவுக்குப் பிறகு 2023-ல் 28.60 கோடி. இந்தக் கணக்கு எப்படி வருகிறது? ஹோட்டல்களும் பிற தங்குமிடங்களும் மாதந்தோறும் தரும் விவரங்களை வைத்து மாநில அரசுகள் தொகுத்து அனுப்புகின்றன.

இப்போது சமயபுரத்தை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலையோடு ராத்திரி முழுக்க நடந்தே வரும் பாதயாத்திரைக் கூட்டம் எந்த ஹோட்டலில் ரூம் போடுகிறது? மண்டபத்தில் படுத்து எழுந்து, மொட்டை போட்டு, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி வருபவர் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். தங்கும் அறையை வைத்து எண்ணும் கணக்கில் இவர்களைப் பிடிப்பது கஷ்டம்.

உள்ளாட்சிகளுக்கு நிதி பிரிக்கும்போது முக்கிய அளவுகோல்களில் ஒன்று மக்கள்தொகை. அது அந்த ஊரில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. கோயில் இருக்கும் ச.கண்ணனூர் பேரூராட்சி, குடியிருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வந்து போகும் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் குப்பை அள்ள வேண்டியிருக்கிறது. வந்தவர் எண்ணிக்கை தெரியாமல் 'எங்களுக்கு இவ்வளவு வேண்டும்' என்று எந்த ஆதாரத்தோடு கேட்பது?

தனியார் தரவு என்றால் எவை?

நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

தொழில் நடத்தும்போது தானாகச் சேரும் பதிவுகள் முதல் வகை. செல்போன் டவர் பதிவு, கார்டு மற்றும் டிஜிட்டல் பண பரிமாற்றம், சூப்பர் மார்க்கெட் பில், தனியார் பஸ்ஸின் டிக்கெட் மெஷின் எல்லாம் இதில் வரும்.

சட்டப்படி எழுதி வைக்க வேண்டிய பதிவேடுகள் இரண்டாவது. சில மருந்துகளை விற்றால் மெடிக்கல் ஷாப்பில் தனி நோட்டுப் போட வேண்டும். அதுபோல.

நிறுவனங்கள் தங்களைப் பற்றி வெளியிடும் அறிக்கைகள் மூன்றாவது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு கரியமில வாயு வெளியிட்டோம், எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்ற விவரங்கள்.

விற்பதற்காகவே திரட்டப்படும் சந்தைத் தரவு நான்காவது. எந்த மருந்து எந்த ஊரில் எவ்வளவு ஓடுகிறது என்று மொத்த விற்பனையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து, மருந்து கம்பெனிகளுக்கு விற்கும் நிறுவனங்கள் உண்டு.

தனியாரிடம் அரசு விவரம் கேட்பது புதிய விஷயமும் இல்லை. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2008-ன் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் நிறுவனங்களிடம் விவரம் கேட்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்படி வாங்கியதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதில் உண்டு. இன்று மாறியிருப்பது தரவின் அளவும் வேகமும்தான்.

நிஜமாகவே பயன்பட்ட இடம்: காசநோய்

மூன்றாவது இலக்கான நல்ல உடல்நலத்தின் கீழ், காசநோய்த் தொற்றை 2030-க்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறது. அதற்கான அளவுகோல், ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்பது. உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதால், இந்தியாவின் கணக்கு தப்பினால் உலகக் கணக்கே தப்பும்.

அரசு மருத்துவமனையில் டிபி சிகிச்சை இலவசம். ஆனாலும் இரண்டு வாரமாக இருமல் நிற்காதவர் முதலில் போவது பெரும்பாலும் தெருமுனை க்ளினிக்குக்கோ மெடிக்கல் ஷாப்புக்கோதான். திருச்சி தில்லைநகரிலும் புத்தூரிலும் நடக்கும் இதே கதைதான் பாட்னாவிலும் மும்பையிலும். அங்கே சிகிச்சை பெற்றவர்கள் அரசின் கணக்கில் நீண்ட காலம் இல்லவே இல்லை.

2012 மே மாதம் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. காசநோயைக் கண்டறியும் தனியார் டாக்டர், லேப், மருத்துவமனை என யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே ஆண்டு 'நிக்ஷய்' என்ற இணையப் பதிவேடும் தொடங்கியது. உத்தரவு போட்டவுடனே எல்லோரும் தெரிவித்துவிடவில்லை. 2013-ல் நாடு முழுக்கத் தனியார் துறையிலிருந்து பதிவானவர்கள் 40 ஆயிரத்துக்கும் குறைவு.

தனியாரிடம் டிபி நோயாளிகளே அவ்வளவுதானா, அல்லது சொல்லாமல் விட்டார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது சந்தைத் தரவு. மருந்து கம்பெனிகளின் மார்க்கெட்டிங் தேவைக்காகத் தொகுக்கப்பட்ட விற்பனைக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்து, தனியார் கடைகளில் டிபி மாத்திரை எவ்வளவு விற்றது என்று பார்த்தார்கள். முடிவு 2016-ல் 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழில் வந்தது. 2014-ல் தனியார் சந்தையில் விற்ற டிபி மருந்து, 1.78 கோடி 'நோயாளி-மாத' சிகிச்சைக்குச் சமம். அதாவது ஒரு நோயாளி ஒரு மாதம் சாப்பிடும் அளவை ஒன்று என்று வைத்தால், அப்படி 1.78 கோடி. அரசுத் திட்டத்தில் கொடுத்த மருந்தைவிட சுமார் இரண்டு மடங்கு.

இதை ஆள்கணக்காக மாற்றுவது எப்படி? தனியாரில் டிபி என்று மருந்து கொடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையிலேயே டிபி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சராசரியாக நாலு மாதம் மருந்து சாப்பிடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். 1.78 கோடியைப் பாதியாக்கி நாலால் வகுத்தால் சுமார் 22 லட்சம் பேர். அனுமானங்களைக் கொஞ்சம் மாற்றினால் விடை சுமார் 12 லட்சம் முதல் 53 லட்சம் வரை போகும் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் சொன்னார்கள்.

அதே 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் கணக்கை மாற்றியது. 2014-க்கு 22 லட்சம் புதிய நோயாளிகள் என்று சொல்லியிருந்தது, 2015-க்கு 28 லட்சம் என்று உயர்த்திச் சொன்னது. ஒரே வருஷத்தில் நோய் அப்படிப் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. முன்பு கண்ணில் படாதவர்கள் கணக்குக்குள் வந்தார்கள். அந்தத் திருத்தத்துக்குக் காரணமான ஆதாரங்களில் தனியார் மருந்து விற்பனைத் தரவும் ஒன்று.

ஆளைக் கண்டுபிடித்தது எப்படி?

விற்பனைக் கணக்கு 'எத்தனை பேர்' என்று தோராயமாகச் சொல்லும். 'யார்' என்று சொல்லாது. யாரென்று தெரியாமல் சிகிச்சையை முழுசாக முடிக்க வைக்க முடியாது, வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசோதனை செய்ய முடியாது. அதற்கு வேறு வழிகள் தேவைப்பட்டன.

2014 மார்ச் முதல் டிபி மருந்துகள் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. இவற்றை விற்கும் மெடிக்கல் ஷாப், எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிப்பு மருந்துக் கடைகளையும் தெரிவிக்கும் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. தெரிவிக்காமல் விட்டால் சட்ட நடவடிக்கை வரலாம் என்றும் சொன்னது.

மிரட்டலோடு நிற்கவில்லை. நோயாளியைத் தெரிவிக்கும் தனியார் டாக்டருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கப்பட்டது. 2018 ஏப்ரல் முதல், பதிவான நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தனியாரிடம் சிகிச்சை பெற்றாலும் இது உண்டு. அதாவது பெயர் கொடுத்தால் கொடுத்தவருக்கே பலன் கிடைக்கும் ஏற்பாடு.

விளைவு? 2023-ல் இந்தியாவில் பதிவான 25.5 லட்சம் டிபி நோயாளிகளில் 8.42 லட்சம் பேர் தனியார் துறையிலிருந்து வந்தவர்கள். மூன்றில் ஒரு பங்கு. பத்தே ஆண்டுகளில் 40 ஆயிரத்திலிருந்து இந்த உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஒரு லட்சம் பேருக்குப் புதிய நோயாளிகள் 2015-ல் 237 ஆக இருந்தது 2023-ல் 195 ஆகக் குறைந்தது.

எண்ணிக்கை கூடினால் கெட்ட செய்தியா?

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். நிதி ஆயோக்கின் 2020-21 பட்டியலில் காசநோய்க்கான அளவுகோல், ஒரு லட்சம் பேருக்கு எத்தனை நோயாளிகள் பதிவானார்கள் என்பது. எட்ட வேண்டிய இலக்கு 242. அந்தப் பட்டியலில் பதிவு கூடினால் மார்க் கூடும்.

நோய் கூடினால் மார்க்கா என்று கேட்கத் தோன்றும். ஒளிந்திருக்கும் நோயாளியைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். ஆக, ஒரு மாவட்டத்தில் டிபி பதிவு திடீரென ஏறினால், நோய் பரவியிருக்கலாம். தனியார் டாக்டர்கள் ஒழுங்காகத் தெரிவிக்க ஆரம்பித்திருக்கலாம். எது என்று தெரிய, அரசுப் பதிவு எவ்வளவு, தனியார் பதிவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தனியார் தரவு உள்ளே வரும்போதெல்லாம் வரைபடத்தில் இப்படி ஒரு துள்ளல் இருக்கும். அதை முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ உடனே முடிவு கட்டக் கூடாது.

கம்பெனிகளின் அறிக்கை எந்த அளவு உதவும்?

பன்னிரண்டாவது இலக்கு பொறுப்பான உற்பத்தியையும் நுகர்வையும் பற்றியது. சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை வெளியிடும் நிறுவனங்கள் எத்தனை என்பதே அதில் ஒரு அளவுகோல். இங்கே நிறுவனங்களின் தரவு நேரடியாகவே நாட்டின் கணக்கில் சேர்கிறது.

பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 மே மாதம் இதற்கு ஒரு படிவம் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். மின்சாரம், தண்ணீர், கழிவு, புகை, ஊழியர் பாதுகாப்பு, பெண் ஊழியர் ஊதியம் என்று எல்லாம் இதில் வரும். கணினி படிக்கும் வடிவத்திலும் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் 1,000 நிறுவனங்களின் விவரத்தைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம். முக்கியமான சில அம்சங்களை வெளியாள் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2023-ல் வந்தது.

நல்ல தொடக்கம்தான். ஆனால் திருச்சி மாவட்டத்திலிருந்து பார்த்தால் அதன் எல்லையும் தெரியும். கல்லக்குடியை அடுத்த டால்மியாபுரத்தில் 1939 முதல் சிமென்ட் ஆலை இருக்கிறது. அதை நடத்தும் குழுமம் பல மாநிலங்களில் ஆலை வைத்திருக்கும் பட்டியலிட்ட நிறுவனம். செபி படிவத்தின் கட்டாயப் பகுதி கேட்பது நிறுவனம் முழுவதற்குமான மொத்தக் கணக்கு. கல்லக்குடிக்காரருக்குத் தெரிய வேண்டியது தன் ஊரில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு புகை என்பது. மொத்தத் தொகையில் ஊர் தெரியாது.

இன்னொரு பக்கம், சமயபுரத்துக்குப் பக்கத்திலேயே மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசிக்குப் பேர் போன ஊர், நிறைய அரிசி ஆலைகள். துவாக்குடிப் பக்கம் பெல் நிறுவனத்தை நம்பி நடக்கும் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். இவை பங்குச்சந்தையில் இல்லை, செபி படிவமும் இல்லை. நாட்டில் மிகப் பலர் வேலை பார்ப்பது இப்படிப்பட்ட சிறு தொழில்களில்தான். முதல் 1,000 கம்பெனிகளின் அறிக்கையை மட்டும் வைத்து 'இந்தியத் தொழில்துறை மாறிவிட்டது' என்றால் அது பாதி உண்மை.

சரி, சமயபுரம் கூட்டத்தை எண்ண முடியுமா?

முடியும். வெளிநாடுகளில் இதைச் செய்கிறார்கள். எஸ்டோனியா நாட்டின் மத்திய வங்கி, வந்து போகும் பயணிகளின் கணக்கைச் செல்போன் தரவு கொண்டு போட்டது. சோதனைச் சாவடி இல்லாத எல்லையோரப் பகுதிகளில் வெளிநாட்டுப் பயணிகளைக் கணக்கிட, இந்தோனேசியாவின் புள்ளியியல் நிறுவனம் 2016 முதல் செல்போன் தரவைப் பயன்படுத்துகிறது. யாருடைய பெயரும் நம்பரும் தேவையில்லை. 'இந்தப் பகுதியில், இந்த மணி நேரத்தில், இத்தனை போன்' என்ற கூட்டுத்தொகை போதும்.

ஆனால் டவர் காட்டும் எண்ணை அப்படியே பக்தர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில திருத்தங்கள் வேண்டும்.

சென்னைக்குப் போகும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடப்பவரின் போனும் சமயபுரம் டவரில் சில நிமிடம் பதிவாகும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அங்கேயே நின்ற போன்களை மட்டும் எடுத்தால் இவர்களைக் கழிக்கலாம். உள்ளூர்க்காரர்களின் போன் ஆண்டு முழுக்க இரவிலும் அங்கேயே இருக்கும் என்பதால் அவர்களையும் கழிக்கலாம்.

ஒருவரிடம் இரண்டு சிம் இருக்கும். அஞ்சு பேர் குடும்பத்துக்கு ஒரே போனும் இருக்கும். இடுப்பில் குழந்தையும் கையில் தீச்சட்டியுமாக வரும் பெண்ணின் போன் வீட்டில் கிடக்கலாம். ஏழைகள், முதியவர்கள், பெண்கள், குழந்தைகள் விடுபடும் வாய்ப்பு அதிகம். வளர்ச்சி இலக்குகள் முக்கியமாகக் கவலைப்படுவதே இவர்களைப் பற்றித்தான்.

ஃபாஸ்டேக்கிலும் இதே கதை. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நான்கு சக்கர வாகனங்களுக்கு அது கட்டாயம் என்பதால் வாகன வகை வாரியாகப் பதிவு இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் இருபது பேரா அறுபது பேரா என்று அதற்குத் தெரியாது. டூவீலருக்கும் நடந்து வருபவருக்கும் டோலே கிடையாது.

எனவே ஒரு கணக்கை இன்னொன்றால் உரசிப் பார்க்க வேண்டும். கோயில் பக்கமும் கணக்குகள் உண்டு. இந்து சமய அறநிலையத் துறையின் நாள் முழுவதும் அன்னதானத் திட்டம் 2021 செப்டம்பரில் சமயபுரத்தில் தொடங்கியது. அன்னதான இலைக் கணக்கு, உண்டியல் எண்ணிக்கை, அரசுப் பஸ், தனியார் டவுன் பஸ் டிக்கெட் ஆகியவற்றோடு செல்போன் எண்ணிக்கையை ஒப்பிடலாம். பூச்சொரிதல் ஞாயிறு ஒன்றில் கோயில் வாசலில் ஆள் வைத்து நேரடியாக எண்ணி, 'நூறு பேர் வந்தால் எத்தனை போன் காட்டுகிறது' என்ற விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த திருவிழாவுக்கு டவர் கணக்கையே நம்பலாம்.

இதில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. முக்கியமாக மூன்று.

முதலாவது, அந்தரங்கம். ஒருவர் எந்தக் கோயிலுக்கு, எந்தத் தேவாலயத்துக்கு, எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பது அவரது சொந்த விஷயம். பெயரை எடுத்துவிட்டாலும், ஒருவர் போய்வந்த சில இடங்களையும் நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆளை அடையாளம் காண முடியும். அதனால்தான் தனித்தனிப் பதிவுகளைக் கேட்காமல் கூட்டுத்தொகையை மட்டும் கேட்க வேண்டும் என்கிறார்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், புள்ளிவிவரப் பணிக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இரண்டாவது, தொடர்ச்சி. கொரோனா காலத்தில் மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்று கூகுள் தினமும் அறிக்கை வெளியிட்டது. பல அரசுகள் அதைப் பயன்படுத்தின. 2022 அக்டோபரில் அந்த வெளியீடு நின்றுபோனது. இலவசமாகக் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2030 வரை ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டிய கணக்கை அப்படி ஒரு நூலில் தொங்கவிட முடியாது.

மூன்றாவது, சுயலாபம். தனக்கு நல்லதைக் காட்டுவதும் கெட்டதை விடுவதும் எந்த நிறுவனத்துக்கும் இயல்பு. வெளியாள் சரிபார்க்காத எண், விளம்பரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

காசநோய் கற்றுக்கொடுத்தது என்ன?

தனியார் தரவு வெறுமனே இருப்பதால் மட்டும் நாட்டுக்குப் பயன் கிடைத்துவிடாது என்பதை டிபி கதை காட்டுகிறது. அங்கே நாலு விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது. யார், எதை, யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று தெளிவான சட்டம் இருந்தது. தெரிவிப்பவருக்கும் நோயாளிக்கும் கையில் ஒரு பலன் இருந்தது. எல்லோரும் ஒரே பதிவேட்டில், ஒரே வடிவில் எழுதினார்கள். மருந்து விற்பனை என்ற இன்னொரு கணக்கால் அதை உரசிப் பார்க்கவும் முடிந்தது.

சுற்றுலா, தண்ணீர், தொழிற்சாலைப் புகை ஆகியவற்றில் இந்த நாலில் ஒன்றோ இரண்டோதான் இப்போது இருக்கிறது. அங்கெல்லாம் தனியார் தரவு இன்னும் துண்டுதுண்டாகவே கிடக்க அதுவே காரணம்.

பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இது அதிகாரிகளுக்கும் கம்பெனிகளுக்குமான விஷயம் மட்டும் இல்லை. வீட்டில் யாராவது தனியார் மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டால், 'நிக்ஷய்ல பதிவு பண்ணிட்டீங்களா, ஐடி நம்பர் என்ன?' என்று டாக்டரிடம் கேட்கலாம். பதிவானால் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுத் தொகைக்கு வழி பிறக்கும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனை நடக்கும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம், நோய் முற்றியவர்களை முதல் நாளிலேயே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காப்பாற்றும் முயற்சி. எந்தத் திட்டமாக இருந்தாலும், கணக்கில் இருப்பவரைத்தான் அதனால் தேடிப்போக முடியும். பதிவேட்டில் விடுபட்ட ஒரு பெயரால் தேசிய சராசரி அசையாது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு மருந்தும் சத்துணவுப் பணமும் பரிசோதனையும் கிடைக்குமா என்பது அந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது.